குடை கதவுக்குப் பின்னால் தொங்குகிறது

பேச்சொலிச் சோதனைக் கூடத்தின் குரலாக விளங்கி, இன்று பணி நிறைவு பெறும் எங்கள் குடையக்காவுக்குக் கூடத்தார் அனைவரும் கூடி அளிக்கும் அன்பு மடல்

குன்றாத குரலே! குழறாத நாவே! கோபத்திலும் ஏறாமல், கொண்டாட்டத்திலும் குதிக்காமல், கொட்டாவி வரும் பிற்பகலிலும் குறையாமல் ஒரே மட்டத்தில் ஓடிய ஓடையே! எங்கள் ஒலிவாங்கிகளை எல்லாம் ஒழுங்காக நிற்க வைத்த எசமானியே! புகழ்ந்தால் பொறுக்காதவரே, பொய் சொன்னால் அதைவிடப் பொறுக்காதவரே! தங்களுக்கு எங்கள் வணக்கம். வணக்கம் சரியாகக் கேட்டதா என்று தாங்கள் கேட்கும் முன்பே இதோ இன்னொரு வணக்கம்!

கைபேசியைக் காதில் வைத்து மறுமுனைப் பேச்சைப் பிசிறில்லாமல் கேட்பவர்களும், மின்தூக்கி சொல்லும் எண்ணைக் கேட்டுச் சரியான தளத்தில் இறங்குபவர்களும், இரைச்சல் மிகுந்த ரயில் நிலையத்தில் அறிவிப்பைக் கேட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்களும் தங்களை அறிய மாட்டார்கள். அந்தக் கருவிகள் கடைக்குப் போகும் முன் எங்கள் கூடத்துக்கு வந்தன என்பதும், இங்கே அவை முதன்முதலாகக் கேட்ட மனிதக் குரல் தங்களுடையது என்பதும் அவர்களுக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் நம் தொழிலுக்கு அழகு என்பீர்கள். இன்று ஒரு நாள் மட்டும் அந்த அழகைக் கெடுத்துக்கொள்கிறோம், பொறுத்தருள்க.

இதை வாசிப்பவர் நம் கணக்காளர். வரிக்கு ஒரு 'அதாவது' போடாமல் அவருக்கு வாசிக்க வராது. எழுதிக் கொடுத்ததில் ஒரே ஒரு 'அதாவது'தான் இருக்கிறது, அதுவும் இந்தப் பத்தியில் வந்துவிட்டது. மீதி அவருடைய சொந்தச் சரக்கு.

சபையில் அமர்ந்திருக்கும் உறவினருக்கும் அண்டை வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. 'அந்தம்மா ஆபீஸ்ல அப்படி என்னதான் வேலை பாக்குறாங்க?' என்று நீங்கள் பல நாள் கேட்டிருக்கிறீர்களாம். 'பேசுறேன்' என்று மட்டும் இவர் பதில் சொல்லியிருக்கிறாராம். 'அதுக்கெல்லாமா சம்பளம் தர்றாங்க?' என்று நீங்கள் மூக்கில் விரலை வைத்தீர்களாம். விரலை எடுங்கள், விளக்கம் சொல்கிறோம்.

ஒரு கருவி பேச்சை ஒழுங்காகக் கடத்துகிறதா என்று பார்க்க வேண்டுமானால், என்றும் மாறாத சில வாக்கியங்கள் வேண்டும். அவை சின்னதாக இருக்க வேண்டும். எல்லோருக்கும் தெரிந்த சொற்களாக இருக்க வேண்டும். மொழியின் ஒலிகள் எல்லாம் அளவோடு கலந்திருக்க வேண்டும். முன்பாதியைக் கேட்டுப் பின்பாதியை ஊகித்துவிட முடியாதபடி இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கேட்பவர் சிரிக்கவோ கலங்கவோ அவற்றில் ஒன்றும் இருக்கக் கூடாது. 'குடை கதவுக்குப் பின்னால் தொங்குகிறது.' 'பச்சை வாளியில் ஈரத் துணி கிடக்கிறது.' 'ஏணியின் நிழல் சுவரில் விழுகிறது.' 'அவர் பித்தானை நீல நூலால் தைத்தார்.' யார் குடை, எந்த வீட்டுக் கதவு, துணியை ஏன் இன்னும் காயப் போடவில்லை என்றெல்லாம் கேட்கப்படாது. இந்த வாக்கியங்களை இன்று சொன்னதுபோலவே நாளையும், நாளை சொன்னதுபோலவே பத்து வருடம் கழித்தும், ஒரு மயிரிழை ஏற்ற இறக்கம் மாறாமல் சொல்லத் தெரிந்த ஒருவர் வேண்டும். அவர்தான் இவர். முதல் வாக்கியமே குடை என்பதால், வேலைக்குச் சேர்ந்த மாதமே இவர் குடையக்கா ஆனார். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது.

எங்கள் அக்காவே! அந்த நிதானம் சும்மா வந்ததா? எதிரொலி இல்லாத அந்த அறைக்குள், பஞ்சுக் கூம்புகள் நாலா பக்கமும் முறைத்துக்கொண்டிருக்க, தன் மூச்சே தனக்குப் பூதம்போலக் கேட்கும் அந்தப் பொல்லாத அமைதியில் தாங்கள் எத்தனை காலம் நின்றீர்கள்! வளையலையும் கடிகாரத்தையும் கழற்றி வாசலில் உள்ள கிண்ணத்தில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போவீர்கள். சரசரக்கும் துணி உடுத்தி வந்த நாளில்லை. வெறும் வயிறு உறுமும் என்பதால், பதிவுக்கு முன் ஒரு வாயாவது சாப்பிடாமல் நின்றதில்லை. ஒரே ஒரு முறை சாப்பிட மறந்து வந்தீர்கள். 'ஏணியின் நிழல்' என்று தாங்கள் சொல்ல, தங்கள் வயிறும் தன் பங்குக்கு ஏதோ சொல்ல, அது பதிவில் விழுந்தது. அந்த உறுமல் எங்கிருந்து வருகிறது என்று எங்கள் பொறியாளர்கள் ஒரு வாரம் புத்தம் புது ஒலிபெருக்கியைப் பிரித்துப் பரப்பிப் போட்டுத் தேடினார்கள். கடைசியில் தாங்களே எட்டிப் பார்த்து, 'அது என் வயிறுப்பா, ஸ்பீக்கர மூடுங்க' என்றீர்கள். எப்பேர்ப்பட்ட எங்கள் பொறியாளர்களும் அன்று முழுக்கத் திருகாணிகளை எண்ணி எண்ணி மாட்டினார்கள்.

இந்தக் குரல் அலுவலகத்தோடு நின்றதா என்றால், அதுவும் இல்லை. தங்கள் மகள் சிறு பிள்ளையாக இருக்கும்போதே எங்களிடம் முறையிட்டிருக்கிறாள்: 'எங்கம்மா திட்டுறாங்களா, டெஸ்ட் பண்றாங்களான்னே தெரியல அங்கிள்.' குடை கதவுக்குப் பின்னால் தொங்குகிறது என்ற அதே தொனியில், 'பாடத்தை முடிக்காமல் விளையாடப் போனால் காலை ஒடிப்பேன்' என்று சொல்வீர்களாம். கத்துகிற அம்மாக்களைச் சமாளித்துவிடலாம், இந்த அம்மாவை என்ன செய்வது என்று அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு கேட்டது எங்களுக்கு இன்றும் நினைவிருக்கிறது.

இனித்தான் சிக்கல். தங்களை நேருக்கு நேர் பார்த்துப் புகழ ஆரம்பித்தால் 'தண்ணி குடிச்சிட்டு வர்றேன்' என்று தாங்கள் எழுந்து போய்விடுவீர்கள், விருந்து முடியும்வரை திரும்ப மாட்டீர்கள். போன வருடம் விருது கொடுத்த அன்று அப்படித்தான் நடந்தது. ஆகவே, அடுத்த பகுதியை யாரோ ஓர் அம்மாவின் கதையாகச் சொல்கிறோம். அந்த அம்மா யார் என்று யாரும் கேட்க வேண்டாம், அக்காவும் கேட்க வேண்டாம். தண்ணீர்ச் செம்பு தங்கள் நாற்காலிக்குப் பக்கத்திலேயே வைக்கப்பட்டிருக்கிறது.

ஓர் ஊரில் ஓர் அம்மா இருந்தார். அவருக்கு ஒரு வீட்டுக்காரர். லேத் பட்டறையில் இரும்பைக் கடைந்து கடைந்தே காலம் தள்ளிய மனிதர். இரும்பு கிறீச்சிட்ட கிறீச்சலில் அவருடைய காது கொஞ்சம் கொஞ்சமாக மந்தமாகிக்கொண்டே வந்தது. ஒப்புக்கொள்வாரா? 'எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது. நீங்கதான் வாயத் தொறந்து பேச மாட்டேங்கிறீங்க' என்பார். வாயசைவைப் பார்த்துப் பாதி புரிந்துகொள்வார். மீதிப் பாதிக்கு 'ம்... ம்... சரி சரி' என்று தலையாட்டிவிடுவார். கடையில் விற்கும் கருவிகள் எல்லாம் அந்த அம்மாவின் குரலைக் கேட்டுத் தேறின. ஒரே கூரையின் கீழ் இருந்த மனிதருக்கு மட்டும் அந்தக் குரல் எட்டவில்லை. அந்த அம்மா அதைப் பற்றி அலுவலகத்தில் ஒரு நாளும் வாய் திறக்கவில்லை.

அப்படி இருக்கும்போது அந்தக் கூடத்துக்கு ஒரு புதிய செவிக்கருவி வந்தது. பித்தான் அளவுதான் இருக்கும், காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும். பொறியாளர்கள் மாதக்கணக்கில் அதோடு மல்லுக்கட்டினார்கள். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் அந்த அம்மாவின் வாக்கியங்களை ஓட்டிப் பார்ப்பார்கள். எங்கே தெளிவு குறைகிறதோ அங்கே இன்னொரு முடுக்கு. மறுபடி அதே அம்மா, அதே குடை, அதே வாளி. கடைசியில் கருவி ஜம்மென்று தயாரானது. காது மந்தமானவர்களை உட்கார வைத்துச் சோதிக்க வேண்டிய கட்டம். அந்த அம்மா முதன்முறையாகத் தயங்கித் தயங்கி வந்து, 'எங்க வீட்டுக்காரரக் கூட்டிட்டு வரட்டுமா சார்?' என்று கேட்டார்.

அவர் வந்தார். முறைத்துக்கொண்டேதான் வந்தார். 'எனக்கு எதுக்குங்க இதெல்லாம்? கேக்காதவங்களுக்குக் குடுங்க' என்றார். கேட்பவர் வாயசைவைப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக, பேசுபவர் ஒரு திரைக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்பது அங்கே முறை. பேசுபவர் சொன்ன வாக்கியத்தைக் கேட்பவர் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். ஒன்றும் கேட்காவிட்டால் மதிப்பெண் ஒன்று, பேச்சு வழக்கிலானாலும் ஒரு சொல் பிசகாமல் சொன்னால் ஐந்து. கேட்டதற்கு மேல் ஒரு சொல் சேர்த்தாலும் ஒரு மதிப்பெண் கழியும்.

திரைக்குப் பின்னாலிருந்து அந்த அம்மா சொன்னார், 'குடை கதவுக்குப் பின்னால் தொங்குகிறது.'

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். 'குடை கதவுக்குப் பின்னால தொங்குது' என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, 'நம்ம வீட்லயா?' என்றார்.

அறை முழுக்கச் சிரிப்பு. அந்த அம்மா மட்டும் திரையை விலக்கித் தலையை நீட்டி, 'கேட்டத மட்டும் சொல்லுங்க. சேத்துச் சொன்னா மார்க் போயிடும். விதின்னா விதிதான்' என்றார். அதன் பிறகு அவர் நல்ல பிள்ளையாக, குடையிலிருந்து மறுபடி ஆரம்பித்து, அத்தனை வாக்கியத்தையும் அப்படியே ஒப்பித்தார். எல்லாவற்றுக்கும் ஐந்து.

கருவியை அவர் காதிலேயே விட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். நாலு நாள் பழகிப் பார்க்கட்டும் என்று. அந்த நாலு நாள் அந்த வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 'உப்ப எங்க வச்சேன்னே தெரியலையே' என்று அந்த அம்மா சமையலறையில் தனக்குத்தானே முணுமுணுத்தார். 'மேல் தட்டுல இருக்கு பாரு' என்று முன்னறையிலிருந்து பதில் வந்தது. கரண்டியைப் பிடித்தபடியே நின்று அந்த அம்மா அழுதார், சந்தோஷத்தில்தான். மறுநாள் நாத்தனாரைப் பற்றி ஏதோ முணுமுணுத்தார், அதற்கும் பதில் வந்தது: 'எங்கக்காவ ஏன்டி வம்புக்கு இழுக்குற?' இனி வீட்டுக்குள் யோசிப்பதைக்கூட மெதுவாக யோசிக்க வேண்டும்போல என்று அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

பிறகு ஒரு மாலை வெளியூரிலிருந்து மகள் போன் செய்தாள். அவளுக்குக் கீச்சுக் குரல், பேச்சும் வேகம், கடைசிச் சொற்களை விழுங்கிவிடுவாள். கைபேசியில் ஸ்பீக்கரைப் போட்டு அப்பாவின் காதருகே வைத்துவிட்டு அந்த அம்மா ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

'அப்பா, ரெண்டு நாளா காய்ச்சல்ப்பா. எந்திரிக்கவே முடியல.'

'ம்... ம்... நல்லதும்மா. அப்படியே இருக்கட்டும்' என்றார் அவர்.

மகள் லேசாகச் சிரித்து, 'சரிப்பா' என்றாள். பழகிப்போன சிரிப்பு அது. அந்தச் சிரிப்புதான் அந்த அம்மாவின் நெஞ்சைப் பிடுங்கியது.

'அவ காய்ச்சல்னு சொல்றா. நீங்க நல்லதுங்கிறீங்க' என்றார் வழக்கமான குரலில். அது அவருக்குத் துல்லியமாகக் கேட்டது. 'அவ அப்படியா சொன்னா?' என்று கேட்டுவிட்டு, அவர் கைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அந்த அம்மாவுக்கு அப்போதுதான் பளிச்சென்று புரிந்தது. அந்தக் கருவி பேச்சைக் கேட்கக் கற்றுக்கொள்ளவில்லை, அந்த அம்மாவின் பேச்சைக் கேட்க மட்டும்தான் கற்றுக்கொண்டிருந்தது. எத்தனை முடுக்கு முடுக்கினாலும் ஒரே குரலை வைத்து முடுக்கினால் வேறென்ன ஆகும்? கூடத்தில் இத்தனை படித்தவர்கள் இருந்தும், இத்தனை மீட்டர்கள் இருந்தும், அந்த அம்மாவும் அங்கேயே இருந்தும், ஒருவருக்கும் இது தோன்றவில்லை. அவர் குரலை அவ்வளவு நம்பிவிட்டார்கள். அவரும் நம்பிவிட்டார்.

சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். சோதனைக்கு வந்த கருவிகள் ஒன்று விடாமல் திரும்பிப் போகும். வீட்டுக்காரர் காதில் இருப்பதும் போகும். முணுமுணுப்புக்குப் பதில் வரும் வீடு மறுபடி ஊமை வீடாகும். சொல்லாவிட்டால் தன் குரலாவது வீட்டுக்காரருக்குக் கேட்டுக்கொண்டிருக்கும். பல வருடம் கழித்துக் கிடைத்ததைத் தன் கையாலேயே திருப்பிக் கொடுக்க யாருக்கு மனசு வரும்? விடிந்ததும் காப்பியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நின்றார். வீட்டுக்காரர் தானாகவே கருவியைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தார்.

'பொண்ணு காய்ச்சல்னு சொல்லியிருக்கா, நான் நல்லதுன்னிருக்கேன். அந்தக் காது எனக்கு எதுக்கு? எடுத்துட்டுப் போ' என்றார். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, 'நீ திட்டுறதும் இனிமே கேக்காது. எனக்கு லாபந்தான், கெளம்பு' என்றார்.

இதெல்லாம் எங்களுக்கு எப்படித் தெரியும் என்று யாரும் முறைக்க வேண்டாம். சொன்னவர் அந்த வீட்டுக்காரரேதான், இதே மேடையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

அன்றுதான் கருவிக்குச் சான்று கொடுக்கும் நாள். கருவிக் கம்பெனிக்காரர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். தலைமைப் பொறியாளர் பேனாவைத் திறந்துவிட்டார். அந்த அம்மா உள்ளே வந்து நடந்ததைச் சொன்னார்.

'அக்கா, எல்லாத்துக்கும் அஞ்சு வந்திருக்கு. இதுக்கு மேல என்ன வேணும்?' என்றார் தலைமைப் பொறியாளர்.

'அந்த அஞ்சு எனக்கு வந்தது சார். கருவிக்கு வரல' என்றார் அந்த அம்மா.

'இத நிறுத்துனா எல்லாப் பீசையும் திருப்பி அனுப்பணும். உங்க வீட்டுக்காரர் போட்டிருக்கிறதும் போகும். மறுபடி எப்ப வரும்னு சொல்ல முடியாது. யோசிச்சுத்தான் பேசுறீங்களா?'

அந்த அம்மா கைப்பையைத் திறந்தார். கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்த கருவியை எடுத்து மேசைமேல் வைத்தார். 'யோசிச்சுத்தான் சார்' என்றார். அவருடைய குரலில் அப்போதும் ஏற்ற இறக்கம் இல்லை. கைதான் கருவியைவிட்டு விலகவில்லை. தலைமைப் பொறியாளர் அந்தக் கையைப் பார்த்தார், பேனாவை மூடினார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. கருவி போனதும் அந்த அம்மா வீட்டில் கத்த வேண்டியதாயிற்று. ஆயுளில் குரலை உயர்த்தாத மனுஷி, 'சாப்பிட வாங்க' என்பதையே தெருமுனைக்குக் கேட்கிற மாதிரி சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிக்கொண்டார். சோதனைக் கூடத்தில் வந்து நின்றால், குடை கரகரத்தது, வாளியில் கீறல் விழுந்தது, ஏணி பாதியில் நின்றது. அளவுகோலே வளைந்துவிட்டால் எதை வைத்து அளப்பது என்று பொறியாளர்கள் தலையைச் சொறிந்தார்கள். அந்த அம்மா காகிதத்தில் எழுதிக் காட்டினார்: 'எல்லாரும் படிங்க.'

எல்லோரும் படித்தார்கள். ஓட்டுநர் படித்தபோது பஞ்சுக் கூம்புகள் அதிர்ந்தன. காவலாளிக்கு முன்பல் இரண்டு இல்லாததால் பச்சை வாளியில் காற்று அடித்தது. தேநீர் கொண்டுவரும் அம்மாள் ஒவ்வொரு வாக்கியத்தையும் கேள்வியாகக் கேட்டார். கணக்காளர் என்ன செய்தார் என்று சொல்லத் தேவையில்லை, அதாவது சொல்லக் கூடாது. தலைமைப் பொறியாளர் 'குடை!' என்று நாடக மேடையில் வாளை உருவுவதுபோல ஆரம்பித்தார். திக்கிப் பேசும் எழுத்தர் கூச்சப்பட்டு ஒதுங்கி நின்றார். அந்த அம்மா அவரைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். யாரையும் திருத்த விடவில்லை. சுடுதண்ணீரை உறிஞ்சிக்கொண்டே, உடைந்த குரலில், 'அப்படியே இருக்கட்டும்ப்பா. ஊர்ல அப்படித்தான் பேசுறாங்க' என்றார்.

கதை இவ்வளவுதான். இப்போது மேடையில் கைக்குட்டையைத் திருகிக்கொண்டு தண்ணீர்ச் செம்பைத் தேடுகிறவர் யார் என்று சபைக்குத் தெரியும்!

எங்கள் அக்காவே! நாங்கள் நினைத்து நினைத்து வியப்பது தங்கள் நிதானத்தை அல்ல. இந்தக் கூடத்தில் ஒரே குரலாக, உவமையில்லாக் குரலாக, அசைக்க ஆளில்லாத ஆசனத்தில் தாங்கள் அமர்ந்திருந்தீர்கள். அந்த ஆசனத்தைத் தாங்களே இழுத்துப் போட்டு, ஓட்டுநருக்கும் காவலாளிக்கும் எழுத்தருக்கும் இடம் பண்ணிக் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டீர்கள். இன்று எங்கள் கூடத்தில் எந்தக் கருவி வந்தாலும் எங்கள் அத்தனை பேர் குரலையும் கேட்டுத்தான் வெளியே போகிறது. அத்தனை குரலிலும் தங்கள் குரலும் ஒன்று. ஒன்றாக இருக்கச் சம்மதித்தீர்களே, அதற்கு என்ன பெயர் வைப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை. எங்களுக்கு உங்களை ரொம்பப் பிடிக்கும் அக்கா, அவ்வளவுதான்.

நோய் அணுகாமல், நொடி அண்டாமல், உரத்துப் பேச ஒரு தேவையும் இல்லாமல், ஊர் முழுக்கத் தங்கள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்க, மனம்போல் வளையல் குலுங்க, சரசரக்கும் துணி உடுத்தி, பசித்த வயிறு பயமின்றி உறும, சிரிக்க வேண்டிய இடத்தில் வாய்விட்டுச் சிரித்து, திட்ட வேண்டிய இடத்தில் திட்டுவதுபோலவே திட்டி, தாங்கள் நெடுங்காலம் நிறைவாழ்வு வாழ வேண்டும்! இனிமேல் தங்களைப் பதிவு செய்ய யாரும் இல்லை. தாராளமாக இருங்கள்.

தங்களுக்கு எங்கள் பரிசு மேடைக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. என்ன பரிசு என்று சொல்லத் தேவையில்லை.

ஒரே ஒரு வேலை பாக்கி இருக்கிறது. எங்கள் குரல்களை எல்லாம் வைத்துத் திருத்திய செவிக்கருவி நேற்று வந்து சேர்ந்தது. இன்று காலை, தாங்கள் விழாவுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது, தலைமைப் பொறியாளர் தங்கள் வீட்டு வாசலிலேயே காரை நிறுத்தி, அதைத் தங்கள் வீட்டுக்காரர் காதில் பொருத்திவிட்டார். தங்களிடம் மூச்சுவிடக் கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கியிருக்கிறோம். ஆகவே, விழா தொடங்கியதிலிருந்து தாங்கள் அவர் காதருகே குனிந்து குனிந்து உரக்கச் சொன்னதெல்லாம் அவருக்கு நன்றாகவே கேட்டிருக்கும். அவர் 'ம்... ம்... சரி சரி' என்றது நடிப்பு. அதற்கான கணக்கை வீட்டில் வைத்துத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால், ஓட்டுநர் குரலும் காவலாளி குரலும் அவருக்குக் கேட்பது பெரிதல்ல. எந்தக் குரலுக்காகக் கருவி திரும்பிப் போனதோ, அந்தக் குரலை அவர் இன்னும் கேட்கவில்லை. தங்கள் மகள் இன்று ஊரிலிருந்து வந்திருக்கிறாள். மேடை ஓரத்தில் நிற்கும் அந்தத் திரை அலங்காரத்துக்காக வைத்தது அல்ல, அவள் அதற்குப் பின்னால்தான் நிற்கிறாள். நம் கூடத்து விதிகளை மீறாமல், சின்னதாக, எல்லோருக்கும் தெரிந்த சொற்களில், சிரிக்கவோ கலங்கவோ ஒன்றும் இல்லாத ஒரு புதிய வாக்கியத்தை நாங்கள் எழுதிக் கொடுத்திருக்கிறோம். அதை அவள் ஒரே முறை சொல்வாள். அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். இதை எழுதும்போது முடிவு எங்களுக்குத் தெரியாது. தேறாவிட்டால், நாளைக் காலை வழக்கம்போல் கூடத்தைத் திறந்து மறுபடி ஆரம்பிப்போம், தாங்கள் கற்றுத் தந்த பிடிவாதம் எங்களிடம் இருக்கிறது. வாக்கியம் இது: 'குடையை எடுத்துக்கொள், வீட்டுக்குப் போகலாம்.'

எழுத்தர் இந்த இடத்தில் தாளை மூடிவைத்து இதைத் தங்கள் வீட்டுக்காரருக்குக் காட்டாமல் பார்த்துக்கொள்வார். கணக்காளர் வாக்கியத்தை வாசிக்க மாட்டார். வீட்டுக்காரர் சொல்லி முடிக்கும்வரை சபையோர் கைதட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

என்றும் தங்கள் குரலோடு குரலாக இருக்கும்,
தலைமைப் பொறியாளர், பொறியாளர்கள், கேட்போர் குழுவினர், கணக்காளர், எழுத்தர், ஓட்டுநர், தேநீர் அம்மாள், காவலாளி

மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போடும் முன் கீழே சேர்த்தது:

சோதனை முறைப்படி நடந்தது. மகள் திரைக்குப் பின்னாலிருந்து, அவளுக்கே உரிய வேகத்தில், கடைசிச் சொல்லைப் பாதி விழுங்கிச் சொன்னாள். தங்கள் வீட்டுக்காரர் எழுந்து நின்று, தங்களைப் பார்த்து, 'குடைய எடுத்துக்கோ, வீட்டுக்குப் போகலாம்' என்றார். பிறகு திரையின் பக்கம் திரும்பி, 'காய்ச்சல் விட்டுச்சாம்மா?' என்று கேட்டார்.

திரைக்குப் பின்னாலிருந்து மகள், 'விட்டுடுச்சுப்பா' என்று அழுதுகொண்டே சொன்னாள். அதுவும் அவருக்குக் கேட்டது.

நாங்கள் ஐந்து போடப் போனோம். அப்போதுதான் தாங்கள் எழுந்தீர்கள். இத்தனை வருடத்தில் நாங்கள் கேட்டிராத ஏற்ற இறக்கங்கள் அத்தனையும் அந்தக் குரலில் இருந்தன. 'கேட்டதுக்கு மேல சேத்துச் சொல்லியிருக்காரு. விதின்னா விதிதான். நாலு போடுங்க' என்றீர்கள்.

நாலு போட்டிருக்கிறோம் அக்கா.